பெயருக்கு முன்னால்

பத்தரைக்கு விசில்.
முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப்
பாலை மரத்துக்குக் கீழே பிளேன்ரீ.
மார்லேனி கொலம்பியாக்காரி.
அங்கேயும் இதே வேலைதான்,
முழங்காலில் நிண்டு நிலத்தைச் சுரண்டுறது.
மூண்டு மாசம் எங்களைப் பழக்க வந்திருக்கிறாள்.

"காசா" எண்டாள்.
சம்பளம் இன்னும் போடேல்லை எண்டன்.
காசா எண்டால் அவளின்ரை பாசையில் வீடாம்.
யசோதினிக்குத் தேத்தண்ணி புரைக்கேறிப் போச்சு.

பிறகு ஈர்க்கால் மண்ணில் எழுதிக் காட்டினாள்,
வெள்ளைத் தடிக்கு இஞ்சாலை, துப்புரவான மண்ணில்.
காசா அந்தீகுவா:
ஓடு கறுத்து, சுவர் வெடிச்சு,
இன்னும் ஆள் இருக்கிற பழைய வீடு.
சொல்லை முன்னுக்குத் தூக்கி வைச்சாள்.
அந்தீகுவா காசா:
ஒருகாலம் என்ரையாய் இருந்த வீடு.

எங்களிட்டை இரண்டும் பழைய வீடுதான்.
பிரதேச செயலகத்துப் படிவத்திலும்
அப்பிடித்தான் நிரப்பினனான்.
எத்தினை வருசம் பழசு, கிளாக்கர் கேட்டார்.
பழசில்லை ஐயா,
கட்டி எட்டு மாசம்.
யன்னலுக்குப் பெயின்ற் அடிக்கேல்லை.
அவர் பேனையை மூடிப்போட்டு என்னைப் பார்த்தார்.

முஹேர் போப்ரே, கையில் காசில்லாத பொம்பிளை.
போப்ரே முஹேர், ஐயோ பாவம்.
நிவாரணக்காரர் வந்து படம் பிடிக்கேக்கை
அந்தச் சொல்லை எனக்கு எந்தப் பக்கம் நிப்பாட்டினவை எண்டு
இப்பதான் விளங்குது.

கிராந்தே எண்டால் பெரிசு.
முன்னுக்கு வர ஆசைப்பட்டால்
வாலைப் பின்னுக்கு விட்டிட்டு வரவேணுமாம்,
வெறும் கிரான் ஆக.
அப்ப அது பெரிசில்லை, மகத்துவம்.
எங்கடை பெரியவும் அப்பிடித்தான்,
பேராற்றில் இறங்க முதல்
பாதி உடம்பைக் கரையில் கழட்டி வைக்கும்.

புதுக்குடியிருப்பு எவ்வளவு புதுசு எண்டு கேட்டாள்.
தெரியாது.
எரிஞ்சது, திரும்பக் கட்டினது, பிறகும் எரிஞ்சது.
பஸ் போட்டில் இன்னும் புது.
ஒட்டிப் போச்சு, கழட்ட ஏலாது.

முந்தநாள் இரண்டாம் ஒழுங்கையில்
நல்லபாம்பு, விலகு எண்டு கத்த
நல்லதெண்டால் ஏன் விலக எண்டு
நிண்டாளே நிலையில்!
அது படம் எடுத்த பிறகுதான்
தமிழ் விளங்கினது அவளுக்கு.

கம்போ மினாதோ எண்டு கடைசியாய் எழுதினாள்.
முதலில் வயல்.
வயலைக் கண்டு, வரம்பைக் கண்டு,
ஒரு கொக்கும் இறங்கின பிறகு
மெதுவாய் வருகுது வெடி.
எங்கடை பாசையில் அடைமொழி
சென்ரிக்காரன் மாதிரி எப்பவும் வாசலில் நிக்கும்.
அதைத் தாண்டாமல் பெயரிட்டைப் போகேலாது.
மிதிவெடி வயல் எண்டு சொல்லி முடிக்க முதலே
கால் நிண்டிடும்.

விசில்.
திரும்ப முழங்கால், திரும்பக் கருவியின்ரை முனகல்,
ஒரு விரல் ஆழம், இன்னொரு விரல்.
ஒரு தோட்டாக் கோது, ஒரு சைக்கிள் மணி,
சருகுக்குக் கீழே வட்டமாய் ஒண்டு.
கை நடுங்கேல்லை. பிறகு நடுங்கினது.

பொழுதுபட ஒன்பது சதுர மீற்றர்.
அறிக்கையில் மிதிவெடி எண்ட சொல்லை வெட்டிப்போட்டு
வயல் எண்டு மட்டும் விட்டன்.
முன்னுக்கும் ஒண்டுமில்லை, பின்னுக்கும் ஒண்டுமில்லை.
நல்லாய்த்தான் இருந்தது பார்க்க.

தோளுக்கு மேலாலை எட்டிப் பார்த்த யசோதினி
முன்னாலிருந்த வெறும் இடத்தில் விரலை வைச்சாள்.
ஆற்றை வயல் எண்டு போடேல்லையேடி?